வலைக்குள் வராத பறவை

அத்தியாயம் 2

மாலை நான்கு மணிக்குப் பிணவறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்போது காலை பதினொன்றே கால்.

"ஆத்தோரமா கிடந்துச்சாம்," என்றாள் தங்கை. "ஆம்பளை. அம்பத்தஞ்சு வயசு இருக்குமாம். தண்ணியில ரொம்ப நேரம் இருந்ததால முகம் சரியாத் தெரியலையாம். கூடப் பிறந்தவங்க யாராவது வந்து பார்த்தாத்தான்னு போலீஸ்ல..."

வாக்கியத்தை முடிக்காமல், மேசை மேலிருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்து பார்த்தாள். காலி. மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அவள் தபால் அலுவலகத்தில் பதிவுத் தபால் வாங்கும் கவுண்ட்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள். வயது ஐம்பத்தொன்று. கீழ்வீட்டில் அவள், மேல்வீட்டில் அவளுடைய அண்ணன், அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவைக் கவனிப்பவர். பூச்சி சார் என்றால்தான் தெருவில் தெரியும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, மழை ஓய்ந்ததும், பத்து நாள் லீவு போட்டுவிட்டு அவர் காட்டுக்குப் போய்விடுவார். இந்த வருடமும் 'காட்டுக்குப் போகிறேன்' என்று சீட்டு எழுதிக் கீழ்வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். பத்து நாள் பன்னிரண்டு நாளாயிற்று. போன் அணைந்து கிடந்தது. காட்டு விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, இந்த வருடம் அவர் வரவே இல்லையே என்றார்கள்.

"நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றார் அக்கா. "அதுக்குள்ள இந்த அறையைக் கொஞ்சம் பார்த்துடறேன்."

அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் அந்தத் துப்பறிவாளர், முன்பு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று பார்த்துச் சொல்வது வேலை. சாம்பலிலேயே பொய்யைக் கண்டுபிடித்தவர் ஒரு சுத்தமான அறையில் திணறுவார் என்று சொல்ல முடியாது.

கூட வந்திருந்த உதவியாளன் ஆறு வருடம் ஜவுளிக்கடையில் துணி கிழித்தவன். தூக்கத்திலும் பேசுவான் என்று கேள்வி. ரேடியோ என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது, பொருத்தமாக வைத்தார்கள்.

ஒற்றைக் கட்டில். ஒற்றை நாற்காலி. ஒரு தம்ளர். சுவரில் கண்ணாடிப் பெட்டி ஒன்று.

"எதுக்குமே ஜோடி இல்லாத ரூம் அக்கா," என்றான் ரேடியோ. "செருப்பு மட்டும்தான் ரெண்டு இருக்கு."

"அண்ணனுக்கு அந்த அழகி மேல பைத்தியம்," என்றாள் தங்கை. "பத்தொம்பது வருஷமா அவளைத் தேடித்தான் காட்டுக்குப் போவாரு."

ரேடியோ நோட்டை எடுத்துவிட்டான். "அழகியா? பேரு என்னம்மா? கடைசியா எங்க பார்த்தாராம்?"

தங்கை சுவரைக் காட்டினாள்.

பெட்டிக்குள் பதினொரு பட்டாம்பூச்சிகள் வரிசையாக இருந்தன. கறுப்புச் சிறகில் நீலத் தூள் கொட்டியதைப் போல மினுமினுப்பு. பின் சிறகு ஒவ்வொன்றிலும் சிறிய வால். கீழே 'கருநீல அழகி, ஆண்' என்று பொடி எழுத்தில் பதினொரு சீட்டுகள், ஒவ்வொன்றிலும் இடமும் தேதியும். பன்னிரண்டாவது இடத்தில் வெறும் ஊசி. அதன் கீழ்ச் சீட்டில் 'பெண்' என்று மட்டும் இருந்தது. இடமும் இல்லை, தேதியும் இல்லை.

"ஆண் பூச்சியெல்லாம் ஓடைக்கரை ஈர மண்ணுல உப்பு உறிஞ்சக் கூட்டமா வந்து உக்காருமாம். பொண்ணு மர உச்சியை விட்டுக் கீழேயே இறங்காதாம். அண்ணன் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்."

"கெட்டிக்காரப் பொண்ணு," என்றான் ரேடியோ. நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அக்கா அதற்குள் பால்கனிக்குப் போயிருந்தார். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு வலைக்கூண்டு. கொசு வலைத் துணியைச் சட்டத்தில் இழுத்துத் தைத்திருந்தது. உள்ளே தண்ணீர் பாட்டில்களில் இலைக் கிளைகள். ஒரு கிளையில் கட்டை விரல் தடிமனுக்கு இரண்டு பச்சைப் புழுக்கள் இலையை ஓரத்திலிருந்து ஒழுங்காகத் தின்றுகொண்டிருந்தன. குச்சிகளில் நான்கு கூட்டுப்புழுக்கள். கம்பத்தில் ஏறிய மின்சார ஊழியர் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நிற்பாரே, அதைப் போல ஒவ்வொன்றும் இடுப்பைச் சுற்றி ஒற்றை நூல் கட்டிச் சாய்ந்திருந்தது.

"நீங்க இங்க வருவீங்களா?"

"வர மாட்டேன் மேடம். நாத்தம் எனக்கு ஆகாது. காலையில எட்டரைக்குப் போனா சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவேன். நேத்து விடுதி நம்பர் தேடத்தான் பன்னிரண்டு நாள்ல முதல் தடவையா மாடி ஏறினேன்."

"என்ன நாத்தம்? எலுமிச்சையும் மிளகும் கலந்தாப்பல இலை வாசனைதான் வருது," என்று ரேடியோ வலையைத் திறந்து ஒரு புழுவை விரலால் தட்டினான்.

புழு தலையைத் தூக்கியது. கழுத்துக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று விசுக்கென்று வெளியே நீண்டது. அழுகிய பழத்தின் மேல் தைலத்தைக் கொட்டியது போல ஒரு நெடி. ரேடியோ இரண்டடி பின்னால் போய் நாற்காலியில் மோதினான்.

"அக்கா! நாக்கை நீட்டுது!"

"கொம்புடா. உன்னை, தன்னைக் கொத்த வந்த பறவைன்னு நினைச்சிருக்கு. அதை விடு, கீழே பாரு."

கூண்டின் தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. புழுக்கை விழுந்தால் அப்படியே சுருட்டி எடுப்பதற்கு. அக்கா குனிந்து மேல் ஓரத்தைப் படித்தார். நேற்றைய தேதி.

தங்கையின் கை வாய்க்குப் போனது.

"உங்க அண்ணன் போயி பன்னிரண்டு நாள். இலை நேத்து வெட்டினது. பேப்பர் நேத்து போட்டது. நீங்க ஆபீஸ்ல இருக்கிற நேரத்துல யாரோ வெளிப்படி வழியா வந்து, சாவி போட்டுத் திறந்து, புழுவுக்கு இலை வெச்சுட்டுப் போறாங்க."

"திருடனா மேடம்?"

"பூட்டைத் திறந்து, பூச்சிக்குச் சாப்பாடு போட்டு, ரூமைப் பெருக்கிட்டு, பூட்டிட்டுப் போற திருடன்," என்றான் ரேடியோ. "எங்க வீட்டுக்கும் ஒருநாள் வரச் சொல்லணும்."

"அண்ணனே வர்றாரோ?" தங்கையின் குரல் மெல்ல எழுந்தது.

அக்கா மேசையிலிருந்த குறிப்பேட்டைப் புரட்டினார். தினமும் இரண்டு வரி. கடைசிப் பதிவு பன்னிரண்டு நாளுக்கு முன்னால்: 'பெரியது நான்கு, சிறியது ஏழு. எல்லாம் நலம். சிறியவற்றின் தாயை எப்படியாவது பார்க்க வேண்டும்.'

"நாலும் ஏழும் பதினொண்ணு," என்றார் அக்கா. "பெரிய நாலு கூடாயிடுச்சு. சின்ன ஏழு இப்ப பெருசாகியிருக்கணும். ரெண்டுதான் இருக்கு. மீதி அஞ்சு எங்க?"

"செத்திருக்கும்."

"செத்திருந்தா உடம்பு இருக்கும். எறும்பு தூக்கிட்டுப் போயிருந்தா எறும்பு இருக்கும். இங்க இலையெல்லாம் எண்ணெய் தடவினாப்பல பளபளன்னு இருக்கு. தூசிகூட இல்லை." அக்கா குறிப்பேட்டின் நடுப்பக்கத்தில் ஒரு படத்தைப் பார்த்து நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே சொன்னார்: "வர்றது உங்க அண்ணன் இல்லைம்மா. அவருக்கு வேண்டப்பட்டவங்க. ரொம்பச் சுத்தம் பார்க்கிறவங்க. புழுவைப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க. அவரைக் கடைசியாப் பார்த்ததும் அவங்களாத்தான் இருக்கும்."

"அவருக்கு என்னை விட்டா யாருமே கிடையாதே மேடம்."

அதைப் பெருமையாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. அவளுக்குமே தெரிந்திருக்காது.

ரேடியோ பாட்டிலின் வாயை முகர்ந்துகொண்டிருந்தான். புழு தண்ணீருக்குள் விழாமலிருக்கப் பாட்டில் வாயில் பஞ்சு அடைப்பது பூச்சி சார் வழக்கம். ஓரத்தில் ஒரு பஞ்சுப் பொட்டலமே இருந்தது. ஆனால் எல்லா பாட்டிலிலும் இப்போது துணி. ஒன்றைப் பிடுங்கிப் பிழிந்து, வெயிலில் விரித்து, இரு விரலால் தேய்த்துப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கௌரவம் வந்தது.

"அக்கா, இனி கொஞ்ச நேரம் நான்தான் துப்பறிவாளர். வெள்ளைத் துணி, நடுவுல மெல்லிசா நீலக் கோடு. பருத்தியும் பாலியெஸ்டரும் பாதிக்குப் பாதி கலந்தது. கசங்காது, கறை போகும். இதை வீட்டுக்கு யாரும் வாங்க மாட்டாங்க. நர்ஸ் பள்ளிக்கூடத்து யூனிபார்ம். ஓரத்தைப் பாருங்க, பல்லுப் பல்லா வெட்டியிருக்கு. பிசிறு வராம இருக்கப் பல் கத்தரியில வெட்டினது. அது தையல்காரங்ககிட்டதான் இருக்கும்."

"அடேங்கப்பா."

"ஆறு வருஷம் அக்கா. சும்மா போகுமா?"

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினார். "நாலு மணி வரைக்கும் வீட்டுலேயே இருங்க. போனைக் கையிலேயே வெச்சிருங்க. நான் கூப்பிடாம எங்கேயும் போகாதீங்க."

"கூப்பிடுவீங்கல்ல?"

"கூப்பிடுவேன்."

படியிறங்கும்போது அக்கா திரும்பிப் பார்த்தார். அவள் அண்ணனின் ஒற்றை நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

*

நர்ஸ் பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் தைக்கும் தெரு எதுவென்று கேட்டுக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் பாதி நேரம் ரேடியோ பழைய முதலாளியிடம் குசலம் விசாரித்ததில் போனது. மீதிப் பாதி, தள்ளாமல் கிளம்பாத அக்காவின் காரைத் தள்ளியதில்.

தெருவில் இரண்டே தையல் கடைகள். முதல் கடையில் ஒரு பெரியவர் மிஷினில் குனிந்திருந்தார். அவருடைய வலது கையில் மூன்று விரல்களில் பிளாஸ்திரி.

ரேடியோ அக்காவின் முழங்கையை இடித்தான். "முள்ளு! நான் அந்தக் கிளையைத் தொட்டுப் பார்த்தேன், காம்பெல்லாம் முள். பறிச்சவன் கையில கட்டாயம் குத்தியிருக்கும். ஆளு மாட்டினான்."

"ஊசி," என்றார் பெரியவர் தலை நிமிராமல். "என்ன வேணும்?"

"தையல்காரர் விரல்ல கட்டு இருந்தா அது துப்பு இல்லைடா," என்றார் அக்கா. "தொழில்."

நர்ஸ் யூனிபார்ம் பக்கத்துக் கடை தையலம்மாவுக்கு வருவது என்றார் பெரியவர். "ஆனா இப்ப போனா ஆள் இருக்காது. பன்னிரண்டிலிருந்து ரெண்டு வரை கடையைச் சாத்திடுது."

"சாப்பாட்டு நேரமா?"

"என்ன சாப்பாடு! இருபது வருஷமா மிஷின்லயே உக்காந்து சாப்பிட்ட பொம்பளை. இப்பத்தான், ஒரு பத்துப் பன்னிரண்டு நாளா இந்தக் கூத்து. எங்கே போறேன்னு கேட்டா சிரிக்குது."

அக்காவும் ரேடியோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி ஒன்றரை.

எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பூட்டிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால், பொத்தான் போடாத வெள்ளை அங்கிகள் வரிசையாகத் தொங்கின.

"அக்கா, நீங்க பன்னிரண்டு நாள் காணாமப் போனா யாரு தேடுவாங்க?"

"நீதான்."

"நானா? அன்னைக்கே தேடுவேன். வண்டிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு."

அக்கா சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கேள்வி பெஞ்சில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. ரேடியோவே இன்னொரு டீ சொல்லி அதை எழுப்பி அனுப்பினான்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தையலம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். வேக நடை. தோளில் துணிப்பை, பைக்கு வெளியே வாடிய இலையோடு ஒரு கிளை எட்டிப் பார்த்தது. பக்கத்தில் நடந்தபோது எலுமிச்சையும் மிளகும் கலந்த மாதிரி ஒரு வாசனை அடித்தது. மேல்வீட்டுக் கூண்டில் அடித்த அதே வாசனை.

ரேடியோ பாய இருந்தான். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இவனுக்கு ஒரு சட்டை தைக்கணும்," என்றார் கடைக்குள் நுழைந்து.

"துணி கொண்டு வந்திருக்கீங்களா?"

"அளவு மட்டும் எடுத்து வெச்சுக்கங்க. துணி அப்புறம்."

தையலம்மா நாடாவைக் கழுத்திலிருந்து உருவினார். "கையைத் தூக்குங்க தம்பி. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, தொப்பை எங்கேயும் போகாது." விரல்களில் ஒரு கீறல் இல்லை. சுவரோரம் நீளக் கோலும், அதன் நுனியில் கட்டிய கத்தரியும் சாய்ந்திருந்ததை அக்கா பார்த்தார். மேசையில் எல்லாம் ஒழுங்கு. நூல்கண்டுகள் நிற வரிசையில். தரையில் ஒரு வெட்டுத்துணி இல்லை.

"கடை ரொம்பச் சுத்தமா இருக்கு."

"அழுக்கைக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்காது."

"அந்த வலைக்கூண்டும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார் அக்கா சாதாரணமாக. "முதல் நாள் போனப்ப இலையில பறவை எச்சம் நிறைய இருந்துச்சோ?"

"ஆமா, அஞ்சாறு இடத்துல அப்பிக் கிடந்துச்சு. அது தின்கிற இலையாச்சேன்னு ஈரத்துணியால நல்லாத் துடைச்சு..."

நாடா ரேடியோவின் மார்பிலேயே நின்றது.

"நீங்க யாரு? இன்னைக்கு அந்த மாடியில ஆள் சத்தம் கேட்டு ஏறாமத் திரும்பிட்டேனே, நீங்கதானா அது?"

"அவரைத் தேடி வந்தவங்க. ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. வலைக்குள்ள பறவை எப்படிம்மா வரும்?"

அக்கா கையோடு கொண்டுவந்திருந்த குறிப்பேட்டின் நடுப்பக்கத்தைத் திறந்து நூல்கண்டுகளுக்கு நடுவில் வைத்தார். பூச்சி சார் பென்சிலால் வரைந்திருந்த படம்: இலை மேல் கறுப்பும் வெள்ளையுமாக, ஈரமாக, யாரும் தொட விரும்பாத ஒரு துளி. பக்கத்தில் அவர் கையெழுத்து: 'சிறு புழு. எச்சம் போல் தோற்றம். பறவையே ஏமாறும். மூன்று தோல் உரித்த பிறகே பச்சை.'

தையலம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு," என்றார் மெல்ல. "அஞ்சையும் நான்தான்... இந்தக் கையாலயே."

"தெரியாமச் செஞ்சதுதானே."

"இன்னைக்குக் காலையிலகூட கேட்டாரு. 'சின்னது ஏழும் நல்லா இருக்கா'ன்னு. எது சின்னது, எது பெருசுன்னு எனக்கென்ன தெரியும்? எல்லாம் நல்லா இருக்கு சார்னு சொல்லிட்டேன்."

ரேடியோ இரண்டு கையையும் தூக்கியபடியே கேட்டான்: "இன்னைக்குக் காலையிலயா?"

கடைக்குப் பின்னால், உள்வீட்டிலிருந்து, ஒரு ஆண் குரல் வந்தது.

"யாரு வந்திருக்காங்க?"

*

"முதல்ல போன்," என்றார் உள்வீட்டை எட்டிப் பார்த்த அக்கா. "அப்புறம்தான் பேச்சு."

மறுமுனையில் முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது. "உங்க அண்ணன் உயிரோட இருக்காரு. கால்ல அடி, வேற ஒண்ணும் இல்லை. ரேடியோ வந்து உங்களைக் கூட்டிட்டு வருவான்." அக்கா போனைக் காதிலேயே வைத்திருந்தார். வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

உள்வீடு ஒரே அறை. ஜன்னலையொட்டிக் கட்டில். கட்டிலில் பூச்சி சார். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஜன்னலுக்கு வெளியே, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், உடம்பெல்லாம் முள்ளாக ஒரு மரம் கூரைக்கு மேல் வளர்ந்து நின்றது.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கூண்டுக்கு வலை தைக்க வந்தேன்," என்றார் அவர். "காட்டுலேருந்து கொண்டுவந்த கன்னு ஒண்ணு கையில இருந்துச்சு. மாடி வீட்டுல எங்க நடறது? இவங்கதான் இங்க நட்டுக்கங்க சார்னாங்க. கருநீல அழகி இந்த ஒரு இலையிலதான் முட்டை வைக்கும். வேற இலையைக் குடுத்தா புழு பட்டினி கிடந்து செத்தாலும் சாகுமே தவிர, வாயை வைக்காது."

"அந்தப் பெண் பூச்சி இங்கேயே வந்துடுச்சு. இல்லையா?"

அவர் முகம் மாறியது. பத்து வயது குறைந்தது. "மூணு வாரத்துக்கு முன்னாடி இவங்க போன் பண்ணினாங்க. 'சார், கறுப்பா ஒண்ணு மரத்தைச் சுத்திச் சுத்தி வந்து, இலையைக் காலால தட்டித் தட்டிப் பாக்குது'ன்னு. பெண்ணுதான் அப்படித் தட்டும். இலையை ருசி பாக்கறது காலாலதான். நான் ஓடி வர்றதுக்குள்ள போயிடுச்சு. முன்னாடியே வந்து வெச்சதுல நாலு புழு, புதுசா ஏழு முட்டை இருந்துச்சு. பன்னிரண்டு நாள் முன்னாடி பையைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குக் கிளம்பினவன், ஒரு எட்டு மரத்தைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். உச்சியில உக்காந்திருந்தா. ஏணி போட்டு ஏறினேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். பார்த்துக்கிட்டே விழுந்தேன்."

தையலம்மா கதவோரம் நின்றபடி, ஒரே மூச்சில், எச்சத்தைத் துடைத்த கதையைச் சொல்லிவிட்டார். சொல்லி முடித்து, திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார்.

பூச்சி சார் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். "காட்டுல நூறு முட்டையில ரெண்டு பொழைச்சா அதிகம். குளவி, எறும்பு, பறவை எல்லாம் போக. நீங்க ஏழுல ரெண்டு காப்பாத்தியிருக்கீங்க. விடுங்க."

"ஒன்பது வருஷமா ஒரு தடவைகூடத் திட்டினதில்லை," என்றார் தையலம்மா அக்காவிடம், அது ஒரு குறை போல.

அக்கா ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "தங்கச்சிக்கு ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"விழுந்ததுல போன் உடைஞ்சிடுச்சு. முதல் நாள் ஆபரேஷன். ரெண்டாம் நாள் மயக்கம். மூணாம் நாள் சொல்லியிருக்கலாம். நாலாம் நாள், நேத்தே ஏன் சொல்லலைன்னு கேப்பாளேன்னு இருந்துச்சு. அஞ்சாம் நாள் அதைவிட மோசம். எப்படியும் பத்து நாள் காட்டுலதான் இருக்கேன்னு நினைச்சுப்பா, அதுக்குள்ள எழுந்துடலாம்னு ஒரு கணக்கு."

"நான் தினமும் சண்டை போட்டேங்க," என்றார் தையலம்மா. "சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு."

"அது மட்டும்தானா காரணம்?" என்றார் அக்கா.

அவர் மாவுக்கட்டைத் தடவினார். "எங்கம்மா பதினாலு வருஷம் படுக்கையில கிடந்தாங்க. அவதான் பாத்தா. பொண்ணு கேட்டு வந்தவங்களை எல்லாம் வாசலோட அனுப்பினா. அம்மா போனப்புறம் நான். காட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் சொல்லுவா, 'விழுந்து வெச்சா நான்தான் பாக்கணும்'னு. பாத்துக்குவா, அதுல சந்தேகமே இல்லை. அதுதான் எனக்குப் பயம். இன்னொரு கட்டிலை அவ தலையில கட்ட எனக்கு மனசு வரலை."

வாசலில் கார் வந்து நின்றது.

அவள் மெதுவாகத்தான் உள்ளே வந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள், மாவுக்கட்டைப் பார்த்தாள், தலைமாட்டில் வரிசையாக அடுக்கியிருந்த மாத்திரைகளைப் பார்த்தாள். துவைத்து மடித்த அவருடைய சட்டைகளையும் பார்த்தாள். அழவில்லை.

"மாத்திரை எத்தனை வேளை?" என்றாள் தையலம்மாவிடம்.

"மூணு வேளைங்க. சாப்பிட்டப்புறம்."

"வெறும் வயித்துல போட்டா அவருக்கு வாந்தி வரும்."

"தெரியுங்க. முதல் நாளே வந்துச்சு."

"தெரியுமா," என்றாள் தங்கை. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "பன்னிரண்டு நாளா ரெண்டு தட்டு எடுத்து வெச்சு, ஒண்ணைத் திரும்பக் கவுத்து வைக்கறேன் அண்ணா. இன்னைக்குக் காலையிலேருந்து நீ செத்துட்டன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"தப்புதான்."

"பாரமா இருக்குன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"சொல்லலை."

"பின்ன நீயே எப்படி முடிவு பண்ணின? அம்மாவைப் பாத்தேன்னா, பாக்கறதுக்கு எனக்கு ஒருத்தங்க இருந்தாங்க. இப்ப எனக்குன்னு பாத்துக்க யாரு இருக்கா? அதையும் நீயே எடுத்துட்டியே."

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பி, இல்லாத பட்டாம்பூச்சியைத் தேடினான்.

"சரி. எப்ப வீட்டுக்கு வர்ற?"

பூச்சி சார் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் தையலம்மாவைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு கணம். துப்பறிவதையே தொழிலாகக் கொண்ட அக்காவுக்கு முன்பே தங்கை அதைப் பார்த்துவிட்டாள். தலையை இரண்டு முறை ஆட்டினாள், கவுண்ட்டரில் யாரோ நீட்டிய உறையை எடை போட்டு முடித்ததைப் போல.

"மாடி ஏற முடியாது, கட்டு பிரிக்கற வரைக்கும்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"கட்டு பிரிச்சப்புறமும் இங்கேயே இரு," என்றாள். "சும்மா இரு. விளக்கம் சொல்லாத."

தையலம்மா என்ன செய்வதென்று தெரியாமல் நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "நீங்களும் உக்காருங்க. டீ போடறேன்," என்றார். தங்கை உட்காரவில்லை. அவளுடைய கைப்பையில் போன் அடித்தது.

போலீஸ்காரர் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நாலு மணிக்கு வந்துடுவீங்கல்லம்மா?"

"எங்க அண்ணன் கிடைச்சுட்டாருங்க. நல்லா இருக்காரு."

"அப்படியா! சந்தோஷம்மா. அப்ப நீங்க வர வேண்டாம்."

"ஒரு நிமிஷம்," என்றாள். "அவரைப் பார்க்க வேற யாராவது வர்றாங்களா?"

"யாரை?"

"ஆத்தோரம் கிடந்தவரை."

காகிதம் புரளும் சத்தம். "யாரும் இல்லைம்மா. அம்பது வயசுக்கு மேல ஆம்பளை காணோம்னு வந்த மனு உங்களுது ஒண்ணுதான்."

தங்கை போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அப்ப நான் வர்றேன்," என்றாள்.

"அடையாளம் சொல்லவாம்மா? உங்களுக்குத்தான்..."

"அடையாளம் தெரியாதுங்க. சும்மா வந்து பாக்கறேன். நாலு மணிக்கு ஒருத்தர் வர்றதா எழுதி வெச்சிருப்பீங்கல்ல. அதை அடிக்க வேண்டாம்."

போனைக் கைப்பையில் போட்டாள். அண்ணனின் போர்வையை மாவுக்கட்டுக்கு மேல் சரியாக இழுத்துவிட்டாள். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அது உங்க ஆளு இல்லையே," என்றான் ரேடியோ.

"தெரியும் தம்பி. வண்டி கிளம்புமா, தள்ளணுமா?"

"தள்ளணும்."

"சரி, தள்ளலாம்."

மூவருமாகத் தெருமுனை வரை தள்ளினார்கள். வண்டி உருண்டதும் ரேடியோ தாவி ஏறி இன்ஜினைப் பிடிக்க வைத்தான். தங்கை பின் இருக்கையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். எப்போதும் முன்னால் உட்காரும் அக்கா, முன் கதவைத் திறந்து, மறுபடி சாத்திவிட்டு, பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.